அவமதிப்பைப் பொறுக்காதவர்: சோமாலியாவின் ஜெனரல் ஐதீத்



சோமாலியாவில் பணியாற்றிய நம் மலேசியப் படைவீரர்களைப் பற்றி 2023ஆம் ஆண்டில் ஒரு மலாய்த் திரைப்படம் வெளிவந்ததை நீங்கள் அறிந்திருப்பீர்கள். அதைத் தன் தந்தையோடு பார்த்துவிட்டு வந்த ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன், ஓய்வு நேரத்தில் என் மேசையருகே வந்து நின்றான். "சார், அந்தச் சண்டையே ஒரு ஜெனரலைப் பிடிக்கப் போய்தான் வந்துச்சுன்னு அப்பா சொன்னாரு. அவரு நல்லவரா சார், கெட்டவரா?" என்று கேட்டான்.

மணி அடிக்க இரண்டு நிமிடங்களே இருந்தன. "உள்நாட்டுப் போரில் ஒரு தரப்பின் படைத்தலைவர்" என்று மட்டும் சொல்லி அவனை வகுப்புக்கு அனுப்பிவிட்டேன். அந்த விடை அவனுக்கும் நிறைவளிக்கவில்லை, எனக்கும் நிறைவளிக்கவில்லை. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே சற்று விரிவாக எழுதிப் பார்க்கிறேன்.

அந்த ஜெனரலின் பெயர் முகமது ஃபாரா ஐதீத். 'ஐதீத்' என்பது பெற்றோர் இட்ட பெயரன்று. பின்னர் வழங்கிய சிறப்புப் பெயர். அவமதிப்பைப் பொறுக்காதவர் என்பது அதன் பொருள். அவருடைய வாழ்க்கையைப் படித்து முடிக்கும்போது, அந்தப் பெயரே அவருக்கு வலிமையாகவும் வினையாகவும் அமைந்ததோ என்று தோன்றும்.

ஒரே மொழி, பல குலங்கள்

ஆப்பிரிக்காவின் கொம்பு எனப்படும் வடகிழக்கு முனையில் அமைந்த நாடு சோமாலியா. பிரிட்டிஷ் சோமாலிலாந்தும் இத்தாலியின் பொறுப்பில் இருந்த தென்பகுதியும் இணைந்து, 1960ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் அது விடுதலை பெற்ற குடியரசாயிற்று. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் பல மொழிகளும் பல சமயங்களும் இருக்க, சோமாலியர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரே மொழி பேசுபவர்கள், ஒரே சமயத்தவர்கள். ஒற்றுமைக்கு இதைவிட நல்ல அடித்தளம் ஏது என்றுதான் எவரும் எண்ணுவர்.

ஆயினும் அம்மக்களின் வாழ்க்கை குலங்களால் பின்னப்பட்டது. குலம், அதனுள் கிளைக்குலம், அதனுள்ளும் பல குடும்பத் தொகுதிகள் என அது ஆலமரத்து விழுதுகளைப்போல் பிரிந்து செல்லும். ஒட்டகம் மேய்க்கும் வறண்ட நிலத்தில் நீருக்கும் மேய்ச்சலுக்கும் பாதுகாப்புத் தந்தது குலமே. அரசு வலுவாக இருக்கும்போது குலம் பின்னே நிற்கும்; அரசு சரியும்போது மனிதன் மீண்டும் குலத்தின் நிழலையே தேடுவான். பின்னாளில் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இது ஒன்றை நினைவில் வைத்தால் போதும்.

ஐதீத் 1934ஆம் ஆண்டில் பிறந்தவர். ஹவியே என்னும் பெருங்குலத்தில் ஹபர் கிதிர் என்னும் கிளையைச் சேர்ந்தவர். இத்தாலியப் பொறுப்பாட்சிக் காலத்தில் காவல்துறையில் பணியாற்றிப் பின்னர் இராணுவத்தில் உயர்ந்தார். ரோமிலும் மாஸ்கோவிலும் பயிற்சி பெற்றார். விடுதலை பெற்ற இளம் நாட்டுக்கு இத்தகைய கல்வியும் பயிற்சியும் பெற்ற அதிகாரிகள் அரிய செல்வமாக இருந்தனர்.

சிறையும் தூதரகமும்

1969 அக்டோபர் 15ஆம் நாள் சோமாலியாவின் அதிபர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆறே நாளில், அக்டோபர் 21ஆம் நாள், இராணுவத் தளபதி சியாத் பாரே ஆட்சியைக் கைப்பற்றினார். புதிய ஆட்சியாளருக்கு ஐதீத்மீது ஐயம் எழுந்தது. அவர் சிறையில் அடைக்கப்பட்டார். ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் அங்கேயே கழிந்தன.

சியாத் பாரேயின் ஆட்சியில் நன்மையே விளையவில்லை என்று கூறுவது நேர்மையாகாது. ஓர் ஆசிரியன் என்ற முறையில் அவ்வாட்சியின் ஒரு செயலை நான் மறக்க இயலாது. அதுவரை சோமாலி மொழிக்கு அரசு ஏற்ற எழுத்துமுறை இருக்கவில்லை. 1972ஆம் ஆண்டில் இலத்தீன் எழுத்து ஏற்கப்பட்டது. 1974ஆம் ஆண்டில் நகர இடைநிலைப்பள்ளிகளை மூடி, ஆயிரக்கணக்கான மாணவர்களையும் ஆசிரியர்களையும் கிராமங்களுக்கு அனுப்பி, நாடோடி மக்களுக்கு எழுத்தறிவித்தனர். குல உணர்வை ஒழிப்பதாகக் கூறி, அதன் உருவப் பொம்மைகளைச் செய்து மண்ணில் புதைக்கும் சடங்குகளும் நடந்தன.

புதைக்கப்பட்டது பொம்மை மட்டுமே. ஆட்சியின் முக்கியப் பொறுப்புகள் மெல்ல மெல்ல அதிபரின் உறவுக் குலங்களிடமே சென்று சேர்ந்தன. 1977ஆம் ஆண்டில் எத்தியோப்பியாவின் ஒகாடன் பகுதியைக் கைப்பற்றப் போர் தொடுத்தார் பாரே. அதுவரை துணைநின்ற சோவியத் ஒன்றியம் எத்தியோப்பியாவின் பக்கம் சாய்ந்தது. கியூபப் படைகளும் வந்தன. 1978ஆம் ஆண்டில் சோமாலியா தோற்றுத் திரும்பியது. தோற்ற ஆட்சி தன் மக்கள்மீது சினத்தைத் திருப்பியது. 1988ஆம் ஆண்டில் வடக்கே கிளர்ச்சி வெடித்தபோது, ஹர்கெய்சா நகரத்தின்மீது சொந்த நாட்டு விமானங்களே குண்டு வீசின.

சிறையிலிருந்து விடுபட்ட ஐதீத் மீண்டும் அரசுப் பணியில் அமர்த்தப்பட்டார். 1980களில் அவர் இந்தியாவுக்கான சோமாலியத் தூதர். ஐயத்திற்குரிய ஒருவரைக் கொல்லாமல் தொலைவில் வைத்திருக்க ஆட்சியாளர்கள் கையாளும் பழைய வழி அது. ஆயினும் டில்லியின் தூதரக வாழ்வு அவரை அமைதிப்படுத்தவில்லை. 1989ஆம் ஆண்டு ரோம் நகரில் ஹவியே குலத்தவர் தொடங்கிய ஐக்கிய சோமாலி காங்கிரஸ் என்னும் எதிர்ப்பியக்கத்தில் அவர் சேர்ந்தார். எத்தியோப்பியாவில் தளம் அமைத்து அதன் போர்ப்பிரிவைத் திரட்டினார். ஆறு ஆண்டுச் சிறைக்குக் கணக்குத் தீர்க்கும் காலம் வந்துவிட்டது.

வென்ற நகரம் பிளந்தது

1991 ஜனவரி இறுதியில் சியாத் பாரே தலைநகர் மொகதிஷுவை விட்டுத் தப்பியோடினார். இருபத்தோரு ஆண்டு ஆட்சி வீழ்ந்தது. நகர மக்கள் இனிப் போர் முடிந்தது என்று நம்பியிருப்பர். உண்மையில் அவர்களுடைய துன்பம் அன்றுதான் தொடங்கியது.

ஐதீத்தின் படைகள் தப்பியோடிய பாரேயைத் துரத்திக்கொண்டிருந்தன. அவ்வேளையில், ஜனவரி 29ஆம் நாள், அதே இயக்கத்தின் மொகதிஷுப் பிரிவினர் அலி மஹ்தி முகமது என்பவரை இடைக்கால அதிபராக அறிவித்தனர். அலி மஹ்தி ஒரு தங்குவிடுதி உரிமையாளர், செல்வந்தர், ஹவியே குலத்தின் மற்றொரு கிளையான அப்காலைச் சேர்ந்தவர். களத்தில் நின்று போரிட்டவன் நான், அரியணை மற்றவனுக்கா என்று ஐதீத் கொதித்தார். கலந்து பேசாமல் அறிவித்தது தவறு என்பதில் ஐயமில்லை. அவமதிப்பைப் பொறுக்காதவர் என்ற பெயர் கொண்டவரிடம் அத்தவற்றைச் செய்தது இன்னும் பெரிய தவறாயிற்று.

1991 ஜூலையில் ஐதீத் இயக்கத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒருவர் நாட்டின் அதிபர், மற்றவர் இயக்கத்தின் தலைவர். இருவரும் ஒரே பெருங்குலத்தவர். ஒரே கொடுங்கோலனை எதிர்த்தவர்கள். நவம்பரில் அவர்களுக்கிடையே முழுப்போர் மூண்டது. அடுத்த நான்கு மாதங்கள் ஒரு நகரத்தின் இரு பாதிகள் ஒன்றையொன்று பீரங்கியால் சுட்டுக்கொண்டன. வடக்கே அலி மஹ்தி, தெற்கே ஐதீத், நடுவே எவரும் கடக்கவியலாத கோடு. சரக்குந்துகளின் மேல் இயந்திரத் துப்பாக்கிகளைப் பொருத்திக்கொண்டு பதின்ம வயதுச் சிறுவர்கள் தெருக்களை ஆண்டனர். ஏறத்தாழ 14,000 பேர் மாண்டதாக மனித உரிமை அமைப்புகள் மதிப்பிட்டன.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எழுத்தறிவிக்கக் கிராமங்களுக்குச் சென்ற நாட்டின் பிள்ளைகள் இவர்கள். பள்ளிகள் மூடிக் கிடந்தன. இம்முறை எழுத்தறிவிக்க எவரும் அனுப்பப்படவில்லை.

விளைநிலத்தில் பஞ்சம்

1992ஆம் ஆண்டில் சோமாலியக் குழந்தைகளின் எலும்புருவப் படங்கள் உலகச் செய்தித்தாள்களை நிரப்பின. மழை பொய்த்தது உண்மை. ஆயினும் அப்பஞ்சத்தின் முதற்காரணம் வானம் அன்று.

தெற்கே ஜுபா, ஷபெல்லே என்னும் இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலமே சோமாலியாவின் களஞ்சியம். அங்கே வாழ்ந்த உழவர்களுக்குப் பெரிய படையும் இல்லை. நகரத்துப் பதவிப் போட்டியில் பங்கும் இல்லை. தோற்ற பாரேயின் படைகள் மீண்டும் தலைநகரைப் பிடிக்க அந்நிலத்தின் வழியே வந்தன. ஐதீத்தின் படைகள் அவற்றைத் துரத்தி அதே நிலத்தின் வழியே சென்றன. வந்தவர்களும் தானியக் குழிகளைத் தோண்டி எடுத்தனர், துரத்தியவர்களும் எடுத்தனர். கால்நடைகள் போயின, விதை நெல்லுக்கு ஒப்பான விதைச்சோளமும் போயிற்று. 1992 ஏப்ரலில் ஐதீத் பாரேயை நாட்டை விட்டே துரத்தி, கென்யாவுக்குள் ஓடச் செய்தார். அது அவருடைய பெரிய போர் வெற்றி. அவ்வெற்றிப் பாதையில் கிடந்த பைடோவா, பார்தெரா ஆகிய ஊர்கள்தாம் பஞ்சத்தின் தலைநகரங்களாயின. அப்பஞ்சத்தில் சுமார் 3,00,000 பேர் இறந்ததாகப் பொதுவாக மதிப்பிடப்படுகிறது.

கப்பலில் வந்த நிவாரண உணவும் போரின் கருவியாயிற்று. துறைமுகத்திலும் சாலையிலும் ஆயுதக் குழுக்கள் பங்கு கேட்டன. உணவைக் காக்க அதே ஆயுதக் குழுக்களுக்கே தொண்டு நிறுவனங்கள் கூலி கொடுக்க வேண்டியதாயிற்று. பணமதிப்பு அழிந்த நாட்டில் அரிசி மூட்டையே நாணயம். அதைக் கைப்பற்றியவன் படைக்கு ஆள் சேர்த்தான். இதில் ஐதீத்தின் ஆட்கள் மட்டுமே குற்றவாளிகள் அல்லர். ஆயினும் தென் மொகதிஷுவும் விமான நிலையமும் அவர் செல்வாக்கில் இருந்தமையால், அவருடைய பங்கு சிறியதன்று.

தலைக்கு ஒரு விலை

1992 டிசம்பர் 9ஆம் நாள் அமெரிக்காவின் தலைமையில் பன்னாட்டுப் படை மொகதிஷுக் கடற்கரையில் இறங்கியது. அப்போது ஐதீத் அதை எதிர்க்கவில்லை. அலி மஹ்தியுடன் கைகுலுக்கவும் செய்தார். உணவு வண்டிகள் உள்நாட்டுக்குச் சென்றன. பல உயிர்கள் பிழைத்தன. 1993 மார்ச்சில் எத்தியோப்பியத் தலைநகரில் பல குழுக்களும் ஆயுதக் களைவுக்கு ஒப்பமிட்டன.

1993 மே மாதம் பொறுப்பு ஐ.நா. படையிடம் மாறியது. அதன் பணி உணவைக் காப்பதோடு நிற்கவில்லை. ஆயுதங்களைக் களைந்து அரசையும் கட்டியெழுப்ப வேண்டும் என்பதாயிற்று. அப்புதிய அரசில் தமக்கு இடம் குறையும் என்று ஐதீத் கருதினார். அன்றைய ஐ.நா. தலைமைச் செயலாளர் பூத்ரோஸ் காலி, எகிப்திய அமைச்சராக இருந்தபோது பாரேக்கு வேண்டியவராக நடந்துகொண்டார் என்ற மனத்தாங்கலும் அவருக்கு இருந்தது. அவருடைய வானொலி ஐ.நா.வை அன்னிய ஆட்சி என்று நாள்தோறும் சாடியது.

ஜூன் 5ஆம் நாள், வானொலி வளாகத்தில் இருந்த ஆயுதக் கிடங்கைச் சோதிக்கப் பாகிஸ்தானிய வீரர்கள் சென்றனர். வானொலியையே மூட வந்துவிட்டார்கள் என்று செய்தி பரவியது. திரும்பும் வழியில் அவர்கள் தாக்கப்பட்டனர். உணவு வழங்கும் நிலையமொன்றில் காவல் நின்றவர்களும் தப்பவில்லை. அன்று 24 பாகிஸ்தானிய வீரர்கள் கொல்லப்பட்டனர். பசித்தவருக்குச் சோறு வழங்கும் இடத்தில் காவல் நின்றவனைக் கொல்வதை எந்த மான உணர்வாலும் நியாயப்படுத்த இயலாது.

ஐ.நா.வின் மறுமொழி ஒரு மனிதரை நோக்கித் திரும்பியது. ஐதீத்தைப் பிடித்துத் தருவோருக்கு 25,000 அமெரிக்க டாலர் என்று அறிவித்தனர். ஜூலை 12ஆம் நாள், அவருடைய ஆதரவாளர்கள் கூடியிருந்த வீட்டின்மீது அமெரிக்க ஹெலிகாப்டர்கள் ஏவுகணைகளை வீசின. அது கட்டளை மையம் என்றது ஐ.நா.; குலப் பெரியவர்கள் கலந்து பேசக் கூடிய கூட்டம் என்றனர் சோமாலியர்கள். இறந்தோர் 20 என்று ஐ.நா.வும், 54 என்று செஞ்சிலுவைச் சங்கமும் கூறின. சினந்த கூட்டம், செய்தி திரட்ட வந்த நான்கு பத்திரிகையாளர்களைக் கொன்றது.

இங்கேதான் வரலாற்றின் ஒரு விந்தையைக் காண்கிறோம். போராலும் பஞ்சத்தாலும் சலித்திருந்த மக்களிடையே ஐதீத் ஒரு தரப்பின் தலைவராக மட்டுமே இருந்தார். தலைக்கு விலை வைத்த பிறகு அவர் தம் குலத்தின் மானத்திற்கே அடையாளமானார். அவரை விரும்பாதவர்களும் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. எதிரிதான் அவருக்கு முடிசூட்டினார் என்று சொன்னால் மிகையாகாது.

அக்டோபர் இரவு

1993 அக்டோபர் 3ஆம் நாள் பிற்பகல், பக்காரா சந்தைக்கு அருகே ஒரு கட்டடத்தில் இருந்த ஐதீத்தின் துணைவர்கள் இருவரைப் பிடிக்க அமெரிக்கச் சிறப்புப் படை இறங்கியது. பிடிக்கவும் செய்தது. ஆனால் தோளில் வைத்து ஏவும் குண்டுகளால் இரண்டு ஹெலிகாப்டர்கள் வீழ்த்தப்பட்டன. விழுந்தவர்களை மீட்கச் சென்றவர்கள் சந்துகளில் சிக்கினர்; இருட்டியபின்னும் சண்டை ஓயவில்லை.

அவர்களை மீட்க நள்ளிரவை நெருங்கும் வேளையில் புறப்பட்ட அணியில் பாகிஸ்தானியப் பீரங்கி வண்டிகளும் மலேசியாவின் கொண்டோர் கவச வாகனங்களும் இருந்தன. அரச மலாய்ப் படைப்பிரிவின் வீரர்கள் அவ்வாகனங்களை ஓட்டிச் சென்றனர். தடைகள் போடப்பட்ட தெருக்களில் இருபுறமும் குண்டுமழை. மாட் அஸ்னான் அவாங் என்னும் மலேசிய வீரர் அங்கே உயிர்நீத்தார். மற்றும் பலர் காயமுற்றனர். அவருக்கு நாட்டின் உயரிய வீர விருதான 'செரி பஹ்லாவான் காகா பெர்காசா' மறைவுக்குப்பின் வழங்கப்பட்டது. 2001ஆம் ஆண்டில் வெளிவந்த புகழ்பெற்ற ஹாலிவுட் படத்தில் இம்மீட்புப் பணிக்கு உரிய இடம் தரப்படவில்லை என்ற வருத்தம் நம் நாட்டில் நெடுநாள் இருந்தது. 2023ஆம் ஆண்டுப் படம் அக்குறையை ஓரளவு தீர்த்தது எனலாம்.

அச்சண்டையில் 18 அமெரிக்கர்கள் மாண்டனர். சோமாலியர்களில் இறந்தோரை எவரும் சரியாக எண்ணவில்லை. மதிப்பீடுகள் முந்நூறிலிருந்து ஆயிரம் வரை வேறுபடுகின்றன. பெயரோடு நினைக்கப்படுபவர்களும் எண்ணப்படாமலே போனவர்களும் ஒரே இரவில் ஒரே தெருக்களில் இறந்தவர்கள்தாம்.

சில நாள்களில் அமெரிக்க அதிபர் கிளின்டன், 1994 மார்ச் இறுதிக்குள் படைகள் திரும்பும் என்று அறிவித்தார். நவம்பரில் ஐதீத்தைத் தேடும் நடவடிக்கை நிறுத்தி வைக்கப்பட்டது. டிசம்பரில், சமாதானப் பேச்சுக்கு அவரை எத்தியோப்பியாவுக்கு ஏற்றிச் சென்றது ஓர் அமெரிக்க இராணுவ விமானமே. இரண்டு மாதத்திற்கு முன்பு அவரைப் பிடிக்கச் சென்று மாண்டவர்களின் பெற்றோர் அச்செய்தியை எவ்வாறு படித்திருப்பர்?

அந்த இரவின் நிழல் சோமாலியாவோடு நிற்கவில்லை. 1994 ஏப்ரலில் ருவாண்டாவில் இனப்படுகொலை தொடங்கியபோது, மீண்டும் ஓர் ஆப்பிரிக்கப் போரில் சிக்க வல்லரசுகள் அஞ்சின. நூறு நாளில் சுமார் 8,00,000 பேர் கொல்லப்பட்டனர்.

எதிரி போன பிறகு

1995 மார்ச்சில் ஐ.நா. படை முழுமையாக வெளியேறியது. பாரேயும் இல்லை, அன்னியரும் இல்லை. ஐதீத் விரும்பியவாறே களம் வெறுமையாயிற்று. இனி அவர் எதைக் கட்டினார்?

ஜூன் மாதத்தில் தம் ஆதரவாளர்களைக் கூட்டித் தம்மைச் சோமாலியாவின் அதிபராக அறிவித்துக்கொண்டார். ஐ.நா. அதை ஏற்கவில்லை, அலி மஹ்தியும் ஏற்கவில்லை. நெடுங்காலம் அவருக்குப் பணமும் வாகனங்களும் தந்து துணைநின்ற வணிகர் ஓஸ்மான் அட்டோவும் பிரிந்து எதிரணிக்குச் சென்றார். ஐதீத்துக்காக அமெரிக்கர்களிடம் பிடிபட்டுச் சிறையிருந்தவர் அவர். செப்டம்பரில் ஐதீத்தின் படைகள் பைடோவாவைக் கைப்பற்றின. மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் பிணங்களை அள்ளிய ஊர் அது. இப்போது அங்கே மீண்டும் துப்பாக்கி.

1996 ஜூலை 24ஆம் நாள், மொகதிஷுவில் அலி மஹ்தி, அட்டோ ஆகியோரின் படைகளுடன் நடந்த சண்டையில் ஐதீத் குண்டடிபட்டார். ஆகஸ்டு முதல் நாள் உயிர்நீத்தார். வல்லரசின் படையிடம் அகப்படாதவர், முன்னாள் நண்பர்களோடு நடந்த தெருச்சண்டையில் வீழ்ந்தார்.

அவருக்குப் பின் தலைமையேற்றவர் மகன் ஹுசேன். அமெரிக்காவில் வளர்ந்தவர்; அமெரிக்கக் கடற்படைக் காலாட்பிரிவில் சேமப்படை வீரர்; 1992 டிசம்பரில் அப்படையோடு மொழிபெயர்ப்பாளராக மொகதிஷுவுக்கு வந்தவர். இதைக் கதையில் எழுதினால் நம்பமாட்டோம். அலி மஹ்தியோ முதுமை வரை வாழ்ந்து, 2021ஆம் ஆண்டில் நைரோபியில் மறைந்தார். அவர்கள் இருவரும் பிளந்த நாட்டில் ஓர் இடைக்கால அமைப்பாக அன்றி முறையான கூட்டாட்சி அரசு அமைய 2012ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன் பின்னும் தீவிரவாதக் குழுக்களோடு போர் ஓயவில்லை.

அந்த மாணவனுக்கு

ஐதீத் கல்வியறிவற்ற முரடர் அல்லர். பன்மொழி அறிந்தவர், தூதராக இருந்தவர், சோமாலியாவின் வரலாற்றைப் பற்றி அவர் பங்குகொண்டு எழுதிய ஒரு நூல் 1994ஆம் ஆண்டில் டில்லியில் வெளியானது. துணிவிலும் படை நடத்துவதிலும் அவருக்குக் குறையில்லை. கொடுங்கோலனை வீழ்த்தியதில் அவருடைய பங்கை எவரும் மறுக்க இயலாது.

எனினும் எதிரி எதிரே நிற்கும் வரையில்தான் அவரால் மக்களைத் தம் பின்னே நிறுத்த முடிந்தது. பாரே இருந்தபோது அவர் விடுதலை வீரர், ஐ.நா. துரத்தியபோது அவர் மானங்காத்தவர். இரண்டும் நீங்கியபின் பக்கத்து வீட்டுக்காரனோடு அதிகாரத்தைப் பகிர வேண்டிய நாள் வந்தது. அதற்குரிய பயிற்சியை ரோமும் தரவில்லை, மாஸ்கோவும் தரவில்லை. தமக்கு நேர்ந்த அவமதிப்பைப் பொறுத்துக்கொண்டு, 1991ஆம் ஆண்டிலேயே ஒரு மேசையில் அமர்ந்திருந்தால், பைடோவாவின் உழவர்களுக்கு விதைச்சோளமாவது மிஞ்சியிருக்கும்.

ஆகவே, தம்பி, நீ கேட்ட கேள்விக்கு என் விடை இதுதான். அவர் நல்லவரா கெட்டவரா என்பதை ஒரு சொல்லில் எழுதிவிட்டு வரலாற்றுப் புத்தகத்தை மூடிவிடலாம். அதைவிட, அவர் வென்ற ஒவ்வொரு முறையும் அந்த ஊரில் உலை வைத்தார்களா என்று தேடிப் பார். ஒரு தலைவரை அளக்க எனக்குத் தெரிந்த அளவுகோல் அதுவே.